அஷ்டமியில் கூட்டம்

கருங்குளத்தூர்
10.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பூங்கொடி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் உடம்பும் அண்ணி உடம்பும் எப்படி இருக்கிறது? ஜெஸ்ஸி அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? பனியில் நடக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். தை மாதத்திலிருந்து மாமல்லபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஓட்டலில் துணி அறையில் வேலை பார்க்கிறேன். உள்ளே நுழைந்ததும் போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேரும்போது நீ ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பாய். ஞாயிறு என்றால் எனக்கு அன்றும் வேலை. அதனால் எழுது, நானும் எழுதுகிறேன். போனில் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்றுதானே கத்துகிறோம்?

வேலை எதற்கு என்று ஆரம்பிக்காதே. உன் மாப்பிள்ளைக்குச் சர்க்கரை. காலில் ஒரு புண் ஆறுகிற மாதிரி ஆறித் திறந்துகொள்கிறது. லோடு வண்டியை வாரத்தில் பாதி நாள்தான் எடுக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

ஊராட்சி விஷயம் கேட்டிருந்தாய். நான் எதற்காக மூன்றாவது வார்டில் நின்றேன் என்று உனக்குத் தெரியும். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் போகிற கால்வாய் எங்கள் தெருவை ஒட்டித்தான் போகிறது. அதன் குறுக்கே ரோடு வேண்டும் என்று புது மனைப்பிரிவுக்காரர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். ரோடு போடட்டும், எனக்கென்ன வயிற்றெரிச்சல்? அகலமாகப் பாலம் கட்டிப் போடு, இரண்டு குழாயைப் புதைத்து மேலே மண்ணைக் கொட்டாதே என்கிறேன். தலைவர் சம்பத்துக்கு அது பிடிக்கவில்லை. உறுப்பினர் ஒருத்தி எதிர்த்தால் அதைக் கூட்டத்தில் எழுதித்தான் ஆகவேண்டும், எழுதினால் மேலே அனுமதி கிடைப்பது கஷ்டம். நான் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் குழாய் வராது. நிம்மதியாக இரு.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். பதில் போடு.

உன் தங்கை
பூங்கொடி


2.4.2024

அன்புத் தங்கை பூங்கொடிக்கு,

அண்ணன் மோகன். நாங்கள் நலம். ஜெஸ்ஸியின் முழங்கால் வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். வெயில்தான் வரமாட்டேன் என்கிறது. மாப்பிள்ளையின் புண்ணை அலட்சியமாக விடாதே. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டு.

உன் கடிதத்தைப் பிரித்ததும் சோப்புத்தூள் வாசனை வந்தது. நீ வேலைக்குப் போவதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கோபம்தான். ஆனால் நீ 'ஆரம்பிக்காதே' என்று எழுதிவிட்டாய்.

எனக்கு இங்கே குடியுரிமை கிடைத்து ஓட்டும் வந்துவிட்டது. கல்பாக்கத்தில் வேலை பார்த்த காலத்தில் தேர்தல் நாள் என்றால் லீவு, லீவு என்றால் தூக்கம். இப்போது ஐம்பது தாண்டி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்து படிக்கிறேன். நவம்பரில் பெரிய தேர்தல், அதிபர் பதவிக்கு. ஊரே அதைப் பற்றித்தான் கத்துகிறது. எனக்கோ வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கேள்வியில்தான் கண்.

எங்கள் மாநிலச் சட்டசபை வருஷத்தில் ஒன்றிரண்டு மாதம்தான் கூடும். அதுவும் குளிர்காலத்தில். உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, அன்றாடச் செலவுக்குப் படி மட்டும். இதை மாற்றலாமா என்று ஜனங்களிடமே கேட்கிறார்கள். கூடும் நாட்களை அதிகப்படுத்தி, மாதச் சம்பளமும் கொடுக்கலாமா? ஆம் அல்லது இல்லை. நம் ஊரில் எந்த எம்.எல்.ஏ. தன் சம்பளத்துக்கு உன்னைக் கேட்டான்?

பக்கத்து வீட்டுப் பெஞ்சமின் 'இல்லை' கட்சி. பெரிய மாட்டுப் பண்ணைக்காரர். இருபது வருஷம் சட்டசபையில் உட்கார்ந்தவர், சம்பளமில்லாமல். நல்ல மனிதர். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். "இந்தியாவில் உன் தங்கையும் அப்படித்தானா?" என்று எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

கூட்டத்தில் நடப்பதையெல்லாம் விவரமாக எழுது.

அன்புடன்
அண்ணன்


கருங்குளத்தூர்
28.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகமாக இருக்கிறோம். வெயிலில் தலை வெடிக்கிறது. அண்ணிக்குத்தான் வெயில் வேண்டுமாமே, இங்கேயிருந்து ஒரு மூட்டை கட்டி அனுப்பட்டுமா? அவர் காலைக் காட்டினோம். மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். நடையைக் குறை என்றார்கள், அவர் பேச்சைக்கூடக் குறைக்கவில்லை.

பங்குனி மாதக் கூட்டம் நடந்தது. தெருவிளக்கு, குடிதண்ணீர் மோட்டார், இரண்டும் பேசினார்கள். மோட்டார் ரிப்பேருக்கு ஆறாவது வார்டுக்காரரும் தலைவரும் ஒருத்தரையொருத்தர் முறைத்துக்கொண்டார்களாம். டீயும் மசால்வடையும் கொடுத்தார்கள். பூவாயிக்கு வடை மீந்துவிட்டது, வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்தாள். பூவாயியைத் தெரியுமில்லையா? ஐந்தாவது வார்டு உறுப்பினர். திருக்கழுக்குன்றத்தில் பூக்கடை போட்டிருப்பவள். என் கூட்டாளி.

ரோடு பேச்சு இன்னும் வரவில்லை.

ஒன்று கேட்கட்டுமா? உங்கள் சட்டசபையைக் குளிர்காலத்தில் எதற்கு வைத்தார்கள்? இங்கே சம்பத் தலைவர் காலண்டரைப் பார்க்காமல் கூட்டத் தேதி குறிக்க மாட்டார். வளர்பிறை முகூர்த்தமாக இருக்க வேண்டும். அஷ்டமி, நவமி, கரிநாள் ஆகாது. அவர் மனசு சுத்தம்தான், நல்ல நாளில் நாலு நல்லது நடக்கட்டும் என்கிறார். அந்த மாதிரி அங்கேயும் ஏதாவது இருக்கிறதா?

உன் மாப்பிள்ளை கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

தங்கை
பூங்கொடி


30.5.2024

அன்புத் தங்கைக்கு,

நலமே. ஜெஸ்ஸிக்கு நீ அனுப்ப மறந்த வெயில் இங்கேயே வந்துவிட்டது. தோட்டத்தில் வெண்டை போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை சர்க்கரை அளவை எழுதியனுப்பச் சொல்.

உன் கேள்விக்குப் பதில் பெஞ்சமினிடம் கேட்டேன். நூறு வருஷத்துக்கு முன்னால் உறுப்பினர் எல்லாரும் பண்ணைக்காரர்கள். குளிர்காலத்தில் வயலில் வேலை இருக்காது. அதனால் அந்த மாதங்களை வைத்தார்களாம். எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் பார். இன்றைக்கும் அதே வழக்கம்.

நான் 'இல்லை' என்றுதான் போடப் போகிறேன். சம்பளம் என்று வந்துவிட்டால் சம்பளத்துக்காகவே ஒருவன் வருவான். சேவை என்பது கை நீட்டாமல் செய்வது. இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, உன்னைப் பார்த்துச் சொல்கிறேன். இரண்டு பஸ் மாறி வேலைக்கும் போய், கூட்டத்துக்கும் போய் உட்காருகிறாயே! 'இல்லை' கட்சிக்காரர்கள் ஒரு கூட்டம் போடுகிறார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். நீ பதவியேற்றபோது எடுத்த போட்டோ ஒன்று அனுப்பு.

போன கடிதத்தில் அவர்கள் பேசியதையெல்லாம் எழுதினாய். நீ என்ன பேசினாய் என்று எழுதவில்லையே?

அண்ணன்
மோகன்


கருங்குளத்தூர்
14.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், கோபிக்காதே. எல்லாரும் சுகம். அவர் காலில் கட்டு பிரித்துவிட்டார்கள். வெண்டை காய்த்ததா?

வைகாசியும் ஆனியும் கல்யாண மாதம். ஓட்டலில் நிற்க நேரமில்லை. எல்லாம் கடற்கரைக் கல்யாணம். மணலில் மேடை போட்டு, காற்றில் பந்தல் பறந்து, ஐயர் ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு மந்திரம் சொல்கிறார். முகூர்த்த நாள் என்றால் எங்கள் யாருக்கும் லீவு கிடையாது. சாப்பாட்டு அறையில் மாட்டியிருக்கும் காலண்டரில் அந்தத் தேதிகளைச் சிவப்பில் சுழித்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வராவிட்டால் அடுத்த நாளும் வர வேண்டாம். மறுநாள் காலையில் தலையணை உறை பூராவும் மஞ்சளும் குங்குமமும் மையும். என்னோடு வேலை செய்யும் சரோஜா, "பொண்ணு அழுதுதா, மாப்பிள்ள அழுதானா, உறையப் பாத்தே சொல்லிடுவேன்" என்கிறாள்.

நீ கேட்ட போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன், அதில் பார்க்க என்ன இருக்கிறது?

போன ஞாயிறு இரவு ஊராட்சிச் செயலர் மோசஸ் வீட்டுக்கு வந்திருந்தார். டீ குடித்தார். கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

பண்ணைக்காரருக்கு வசதியான மாதம் என்று எழுதியிருந்தாய். சரி. பண்ணை இல்லாதவர்களுக்கு?

தங்கை
பூங்கொடி


11.8.2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? கட்டு பிரித்தது கேட்டு ஜெஸ்ஸி மெழுகுவத்தி ஏற்றினாள்.

நேற்று நூலக அரங்கில் பேசினேன். உள்ளூர் ஜனம் நிறைய வந்திருந்தது. நம் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று பயந்தேன். உன் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார்கள். கண் மூடியிருந்தால் என்ன, பார்த்தால் பிரார்த்தனை செய்கிற மாதிரி இருக்கிறது. "இவள் என் தங்கை. ஓட்டலில் துணி துவைக்கிறாள். கிராம ஊராட்சி உறுப்பினர். சம்பளம் இல்லை. ஒரு கூட்டத்துக்கும் தவறியதில்லை" என்றேன். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள், பூங்கொடி.

கால்வாய் விஷயம் என்னாயிற்று? அதை மட்டும் எழுதாமலே விடுகிறாய்.

அண்ணன்
மோகன்


8.9.2024

அன்புத் தங்கைக்கு,

நலமா? உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் அடித்தேன், மணி போகிறது, எடுக்கவில்லை. மாப்பிள்ளை போனில் அவர் பேசினார். "நல்லாத்தான் கீறா மச்சான், வேலைக்குப் போய்கினு கீறா" என்றார். அப்புறம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர் மழையைப் பற்றிப் பேசினால் வேறு எதையோ பேசவில்லை என்று அர்த்தம்.

இத்துடன் ஒரு துண்டறிக்கை வைத்திருக்கிறேன். பெஞ்சமின் ஆட்கள் அச்சடித்தது. உன் முகம்தான் முழுப்பக்கமும். கீழே எழுதியிருப்பதன் பொருள், 'இவள் ஒரு காசும் வாங்காமல் உழைக்கிறாள், நம் ஆட்களால் ஏன் முடியாது?' எங்கள் வட்டாரத்தில் வீடுவீடாகப் போகிறது. கடையில் என்னை நிறுத்தி, "உங்கள் தங்கையா?" என்கிறார்கள்.

இரண்டு வரியாவது எழுது. கவலையாக இருக்கிறது.

அண்ணன்


கருங்குளத்தூர்
6.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். அவர் கால் பரவாயில்லை.

உன் துண்டறிக்கை வந்தது. முகத்தைப் படிக்க இங்கிலீஷ் எதற்கு? அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, அப்புறம் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. உன் மேல் பாதி, என் மேல் பாதி என்று வைத்துக்கொள். ஏனென்றால் அந்த அறிக்கை உன் வாசலுக்கு வந்தபோது நான் உறுப்பினரே இல்லை. ஆவணி முடிவதற்குள் பதவி போய்விட்டது.

முழுதும் சொல்கிறேன். இந்த வருஷத்தில் நான் ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை அண்ணா. கூட்டம் முகூர்த்த நாளில், காலை பதினொரு மணிக்கு. முகூர்த்த நாளில் எனக்கு லீவு கிடையாது. சம்பத் வீட்டிலும் எங்கள் ஓட்டலிலும் தொங்குவது ஒரே காலண்டர்தான். அவர் பார்த்துக் குறிக்கிற தேதியைத்தான் இங்கே மேனேஜரும் சிவப்பில் சுழிக்கிறார். தேதியை மாற்றுங்கள் என்று நேரில் போய்க் கேட்டேன். "நல்ல நாள வுட்டுட்டு அஷ்டமியிலயா உக்காரச் சொல்ற? ஊருக்கு ஆவுமா?" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், நிஜமாகவே நம்புகிறார்.

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக்கு மோசஸ் மினிட் நோட்டை எடுத்துக்கொண்டு வருவார். வந்திருந்ததாகக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. யாரும் யாரையும் கேட்பதில்லை. பங்குனிக் கூட்டத்துக்கு நானும் அப்படித்தான் போட்டேன். வடையைப் பற்றி உனக்கு எழுதினேனே, அது பூவாயி சொல்லிக் கேட்டது. அதுதான் அவள் கடைசியாகப் போன கூட்டம்.

வைகாசிக் கூட்டத்தில் ரோட்டுத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். பாலம் இல்லை, இரண்டு குழாய். 'ஒருமனதாக' என்று எழுதியிருந்தது. கடைசியில் என் பெயருக்கு எதிரே மட்டும் இடம் விட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் நானும் அங்கே உட்கார்ந்து சரி என்று சொன்னதாகிவிடும். போட மாட்டேன் என்றேன். ஆனியில் மறுபடி வந்தார். அதில் முதல் வரியே போன கூட்டத் தீர்மானத்தை உறுதி செய்தது. போடவில்லை. அந்த ஞாயிறுதான் அவர் டீ குடித்துவிட்டுப் போனது. "அம்மா, மூணு கூட்டம் தொடர்ந்து வரலன்னா சட்டப்படி பதவி போய்டும். ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு அப்புறமா சண்ட போடுங்க" என்று பாவம் கெஞ்சினார். உன் மாப்பிள்ளையும், "போட்டுட்டு வாம்மே, இன்னா பெரிய பேஜாரு" என்றார். ஆடியில் முகூர்த்தமும் இல்லை, கூட்டமும் இல்லை. ஆவணியிலும் நான் போடவில்லை.

கையெழுத்துப் போட்டிருந்தால் நாற்காலி இருந்திருக்கும், நான் எதற்கு அதில் உட்கார்ந்தேனோ அது போயிருக்கும். போடாததால் இரண்டும் போய்விட்டது. குழாயைப் புதைத்து ரோடு போட்டுவிட்டார்கள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ அந்தப் பெருமையில் மிதந்துகொண்டிருந்தாய். போனில் பேசினால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய். சின்ன வயசிலிருந்தே நீ அப்படித்தான். அதனால்தான் லாக்கர், பஸ் என்று சாக்குச் சொல்லிக் கடிதம் எழுதச் சொன்னேன். கூட்டத்துக்குப் போக முடியாது என்று தை மாதமே தெரிந்துவிட்டது எனக்கு.

பணம் அனுப்புகிறேன், வேலையை விட்டுவிடு என்று உடனே எழுதுவாய். எழுதாதே. உன் பணத்தில் நான் போய் உட்கார்ந்தால் அது உன் நாற்காலி. உன் பெஞ்சமின் நல்லவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அவர் சட்டசபையில் இருக்கும்போது அவர் மாட்டுக்கு யாரோ தண்ணீர் காட்டியிருப்பார்கள். என் இடத்தில் பெட்ஷீட் மடிக்க யாரும் வரமாட்டார்கள். நான் சும்மா உழைக்கவில்லை அண்ணா. உழைக்கவே விடவில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. காந்தி ஜெயந்திக்குக் கிராம சபை. அன்றைக்கு மகாளய அமாவாசை, எங்கேயும் கல்யாணம் இல்லை. ஓட்டல் வெறிச்சென்று இருந்தது, கேட்டதும் லீவு கொடுத்தார்கள். கிராம சபையில் பேச உறுப்பினராக இருக்கத் தேவையில்லை, ஊரில் ஓட்டு இருந்தால் போதும். எழுந்து நின்றேன்.

"ஒரு தீர்மானம் எழுதணும். இனிமே ஊராட்சிக் கூட்டம் மாசாமாசம் தேய்பிற அஷ்டமியிலதான் நடக்கணும்" என்றேன்.

சிரித்தார்கள். சம்பத், "அஷ்டமியில எவனாவது நல்ல காரியம் தொடங்குவானா?" என்றார்.

"கல்யாணத்த அன்னிக்கு வெச்சுக்கோன்னா சொன்னேன்? ரோடும் சாக்கடையும் பேசறதுக்கு எதுக்குத் தலைவரே முகூர்த்தம்? சாக்கடைக்கு இன்னா, தாலியா கட்டப் போறீங்க?"

அப்புறம் பூவாயி எழுந்தாள். பூ கட்டுகிறவளுக்கு முகூர்த்த நாள்தானே வருஷத்துச் சோறு? அவளும் வைகாசியிலிருந்து கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள்தான். ரோட்டுக்கும் போட்டாள், அதற்காக என்னிடம் அழுதாள். "நான் போவாத கூட்டத்துக்கெல்லாம் போனேன்னு கையெழுத்துப் போட்டுகினு கீறேன். எல்லாருக்கும் தெரியும். வெக்கமா கீது" என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சமையல்காரர் ஒருவர், மேளம் வாசிக்கிற பையன்கள், ஆட்டோக்காரர்கள் என்று முகூர்த்தத்தில் ஊரில் இருக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. கை தூக்கினார்கள். கடைசியில் மோசஸ் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்.

என் பதவி திரும்பி வராது. ரோட்டையும் அது பெயர்க்காது. ஆனாலும் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

நீ எதற்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். என் முகத்தை மட்டும் எடுத்துவிடு.

தங்கை
பூங்கொடி


10.11.2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதுகிறேன். ஜெஸ்ஸி என்னோடு ஒரு நாள் முழுதும் பேசவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள், நீங்கள் கை தட்டலையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்" என்றாள். உண்மை. பண்ணை இல்லாதவர்களுக்கு என்று கேட்டாயே, அதற்கு நான் பதிலே எழுதவில்லை.

கடிதம் தேர்தலுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் வந்தது. பெஞ்சமினிடம் போய் வரிவரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். நீ அவர் மாட்டைப் பற்றி எழுதியதையும் மறைக்கவில்லை. "என் மனைவிதான் தண்ணீர் காட்டினாள். இருபது குளிர்காலம்" என்றார். மீதி அறிக்கைகளைக் கொளுத்திவிட்டார். ஆனால் பெரும்பாலும் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது.

அதே நூலக அரங்கில் மறுபடி அனுமதி வாங்கிப் பேசினேன். "முன்பு சொன்னது தவறு. என் தங்கை ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை, போக முடியவில்லை. பதவியும் போய்விட்டது" என்றேன். இந்தத் தடவை வந்தவர்கள் குறைவு. யாரும் கை தட்டவில்லை. ஒரு நர்ஸ் மட்டும் வெளியே வந்து, "நானும் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டேன், முடியவில்லை, இதே காரணம்தான்" என்றாள்.

நான் 'ஆம்' போட்டேன். எங்கள் பக்கத்தில் 'இல்லை' ஜெயித்தது. மாநிலம் முழுதும் எண்ணியபோதும் கொஞ்ச வித்தியாசத்தில் 'இல்லை'தான். உன் முகம் எத்தனை ஓட்டை மாற்றியதோ, தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. என்னை மன்னித்துவிடு.

பணம் அனுப்பவில்லை. நீ சொன்ன பிறகு தைரியம் இல்லை. உன் அஷ்டமி என்ன ஆயிற்று?

அண்ணன்
மோகன்


கருங்குளத்தூர்
8.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நிஜமாகவே சுகம். இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை. அண்ணியிடம் உன்னோடு பேசச் சொல். பாவம், நீயும் எத்தனை நாள்தான் பெஞ்சமினோடு மட்டும் பேசுவாய்.

மன்னிப்பெல்லாம் எதற்கு? நீ என் பெயரில் பொய் சொல்லவில்லை, நான் உனக்குச் சொன்ன பொய்யைத்தான் சொன்னாய். அதை ஊருக்கு முன்னால் நின்று திருத்தியும் விட்டாய். கை தட்டலுக்குப் பிறகு அதே மேடையில் அப்படிப் பேச எத்தனை பேருக்கு வரும்? அந்த நர்ஸ் இனிமேலாவது நிற்பாளா, கேட்டுப் பார்.

போன மாதம் அஷ்டமியன்று கூட்டம் நடந்தது. கிராம சபைத் தீர்மானம் கட்டாயமில்லை என்று சம்பத்திடம் யாரோ சொன்னார்களாம். "எல்லாரும் கை தூக்கினாங்க, நான் எந்த மூஞ்சியோட இல்லன்னு சொல்றது?" என்று தேதி குறித்துவிட்டார். சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வந்தாராம். பூவாயி போனாள். நிஜமாகவே போனாள். பாலம் வேண்டும் என்று எழுந்து சொல்லி, சொன்னதை நோட்டில் எழுதவைத்து, தானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். மழை போகட்டும், பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார்கள்.

மழை போகவில்லை, வந்தது. அடுத்த வாரமே புயல். ஏரி வழிந்தது. குழாய் இரண்டும் குப்பையில் அடைத்துக்கொண்டு தண்ணீர் எங்கள் தெருவுக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. உன் மாப்பிள்ளையைக் கட்டில்மேல் உட்காரவைத்தேன், கால் நனையக் கூடாதே. விடிந்ததும் சம்பத்தே பொக்லைன் கொண்டுவந்து ரோட்டை வெட்டிவிட்டார். நனைந்துகொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "நீ சொன்னது சரிதான்மா" என்று சொல்லவில்லை. "கொடை எடுத்துகினு வரலியா?" என்றுதான் கேட்டார். எனக்கு அது போதும்.

மூன்று நாள் கழித்து அவசரக் கூட்டம் போட்டார். காலண்டரைப் பார்க்கவே இல்லையாம். பாலத்துக்குத் தீர்மானம் ஆகிவிட்டது. மூன்றாவது வார்டு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது என்று பூவாயி சொன்னாள். அதைக் கேட்டபோது மட்டும் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். இடைத்தேர்தல் வந்தால் பக்கத்துத் தெரு சரோஜாவை நிற்கச் சொல்லப் போகிறேன். என்னோடு துணி அறையில் வேலை செய்பவள்தான். "அஷ்டமியில கூட்டம்னா நான் வரேன்க்கா, அன்னிக்கி நமக்கு லீவு" என்கிறாள்.

இனிமேல் கடிதம் வேண்டாம் அண்ணா, போன் பண்ணு. ஞாயிற்றுக்கிழமை பண்ணாதே, அன்றைக்கு எனக்கு வேலை. வருகிற அஷ்டமியன்று பண்ணு. நான் எடுக்கிறேன்.

உன் தங்கை
பூங்கொடி